சுருதி சேர்ந்தால் கவலை

நவம்பர் 4

ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் கேட்டான்: "ஃபிளேம் ஸ்கேனர் நாலும் பச்சையாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு சார் இந்தச் சத்தத்தையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்?"

நியாயமான கேள்விதான். எங்கள் மின் நிலையத்தின் கேஸ் டர்பைனைச் சுற்றி 14 கம்பஸ்டர் கேன்கள், அதாவது எரிபொருள் எரியும் அறைகள். சுடர் ஒழுங்காக எரிகிறதா என்றறிய ஒவ்வொரு கேனின் சத்தத்தையும் திரையில் கோடாகப் பார்க்கிறோம். சுடரின் புற ஊதா ஒளியைப் பார்க்கும் ஸ்கேனர் இருப்பதோ நாலு கேன்களில் மட்டும். ஸ்பார்க் பிளக் உள்ள கேனில் பற்றும் தீ, கிராஸ்ஃபயர் குழாய்கள் வழியே ஒவ்வொரு கேனாகத் தாவி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். அங்கே உள்ள ஸ்கேனர்களுக்குச் சுடர் தெரிந்துவிட்டால் எல்லாக் கேனும் பற்றிக்கொண்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பற்றவைக்கிற நேரத்துக்கு அது போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது, ஸ்கேனர் இல்லாத பத்துக் கேன்களில் ஒன்று சரியில்லாமல் போனால்?

வாயு வெளியேறும் எக்ஸாஸ்டில் இருக்கும் 24 தெர்மோகப்பிள்கள் (வெப்பம் அளக்கும் கம்பிகள்) காட்டிக்கொடுக்கும். ஆனால் குளிர்ந்து நிற்கும் தெர்மோகப்பிளுக்கு நேர் முன்னால் இருக்கிற கேன்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட முடியாது. வாயு டர்பைன் பிளேடுகளுக்குள் சுழன்று திரும்பித்தான் வெளியே வருகிறது. எவ்வளவு திரும்பும் என்பது லோடுக்கு (மின் உற்பத்தி அளவுக்கு) லோடு மாறும். முழு லோடில் ஒரு முகவரி காட்டும், பாதி லோடில் வேறு முகவரி. கேனுக்குக் கேன் காது வைத்துவிட்டால் இந்தக் கணக்குப் போடவே வேண்டாம்.

நவம்பர் 5

நேற்று "காது வைத்துவிட்டால்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். உள்ளே சுடர் சுமார் 1500 டிகிரி. அழுத்தத் துடிப்பை மின்னாக மாற்றும் பீசோ சென்சாரை அந்தச் சூட்டின் வாசலில் உட்கார வைக்க முடியாது. அதனால் கேனிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் குழாயை வெளியே இழுத்து, சூடு குறைந்த இடத்தில் அதன் பக்கவாட்டில் சென்சாரைப் பொருத்தியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் குழாய் சென்சாரோடு முடிவதில்லை. அதைத் தாண்டியும் பல மீட்டர் ஓடி, ஒரு பெட்டிக்குள் சுருள் சுருளாகக் கிடக்கிறது. சென்சார் பக்கத்திலேயே குழாயை அடைத்தால் சத்தம் முட்டித் திரும்பி, குழாயின் சொந்த நாதமும் கணக்கில் கலந்துவிடும். நீளச் சுருளுக்குள் போன சத்தம் அங்கேயே தேய்ந்து செத்துவிடும், திரும்பி வராது.

இன்று 5-ஆம் கேனின் கோடு மட்டும் திரையில் சப்பென்று கிடந்தது. மற்ற பதின்மூன்றும் துடித்துக்கொண்டிருக்க, இது மட்டும் பரம சாது. 'நல்லாத்தானே எரியுது' என்றார் ஒருவர். எரிகிற சுடர் இவ்வளவு அமைதியாக இருக்கவே முடியாது. பெட்டியைத் திறந்து சுருளின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திருகினோம். முதலில் ஒரு சீறல், பிறகு துரு கலந்த பழுப்புத் தண்ணீர் அரை டம்ளர் அளவுக்கு வந்தது. எரிந்த வாயுவில் இருக்கும் நீராவி குளிர்ந்து தேங்கி, குழாயை அடைத்திருக்கிறது. வால்வை மூடியதும் 5-ஆம் கோடு எழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

சத்தம் கூடினால் அலாரம் வைத்திருக்கிறோம். குறைந்தாலும் ஒன்று வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செவிட்டுக் காதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிடக் காதே இல்லாமல் இருப்பது மேல்.

நவம்பர் 9

பையனுக்காகச் சுருக்கமாக: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமல் ஏறினால், சுடர் அணையப் பார்க்கிறது. நூறு இருநூறு ஹெர்ட்ஸில் ஒற்றை நாதம் எழுந்தால், கேனும் சுடரும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய கிறீச்சிடல் வந்தால் ஓடிப்போய் லோடை இறக்கு. உலோகத்தை மிக வேகமாகத் தின்பது அதுதான். அந்தக் கிறீச்சு மெல்லிய குழாய் வழியே வரும்போது தேய்ந்துதான் வரும் என்பதையும் மறக்காதே. திரையில் சின்னதாகத் தெரிவது உள்ளே சின்னதாக இருக்காது.

நவம்பர் 12

ஓய்வு நாள். பழைய கதைகளைப் படித்தேன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஹைட்ரஜன் சுடரை நுழைத்தால் அது பாடும் என்பதை ஹிக்கின்ஸ் 1777-லேயே கண்டிருக்கிறார். 1858-ல் ஜான் லெ கோன்ட், ஒரு கச்சேரியில் செல்லோவின் நாதத்துக்கு ஏற்ப கேஸ் விளக்கின் சுடர் துள்ளுவதைக் கவனித்து எழுதினார். அடுத்த ஆண்டே ரைக், நிமிர்த்திய குழாயின் கீழ்ப்பாதியில் காய்ச்சிய கம்பி வலையை வைத்துச் சுடரே இல்லாமல் ஒலி எழுப்பிக் காட்டினார். இவற்றுக்கெல்லாம் காரணம் சொன்னவர் ரேலே, 1878-ல்: காற்று அழுந்தியிருக்கும் கணத்தில் வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வளரும்; விரிந்திருக்கும் கணத்தில் சேர்ந்தால் அடங்கும்.

எங்கள் வேலை முழுவதும் அந்த 'கணம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 140 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு 7 மில்லிசெகண்ட். நாசிலை (எரிபொருள் பீய்ச்சும் முனையை) விட்ட எரிபொருள் சுடரைப் போய்ச் சேரவும் சில மில்லிசெகண்ட் ஆகிறது. இரண்டும் நெருங்கிய அளவு என்பதுதான் வம்பே. சுடர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலும் பின்னால் நகர்ந்தாலும், அடங்க வேண்டிய அதிர்வு வளரத் தொடங்கிவிடும். பைலட் எரிபொருளை, அதாவது சுடரை நிலைநிறுத்தத் தனியாக விடும் சிறு பங்கை, சற்றுக் கூட்டிக் குறைத்து ட்யூனிங் செய்கிறவர்கள், சுடர் நிற்கும் இடத்தையும் வடிவத்தையும் மாற்றி அந்தக் கணத்தைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.

நவம்பர் 17

இரவு இரண்டு மணிக்கு லோடை இறக்கச் சொன்னார்கள். வெளியே கடுங்குளிர், காற்று அடர்ந்து கிடக்கிறது. நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு மாசு) பயத்தால் இந்த வகை கம்பஸ்டரில் எரிபொருளை முன்கூட்டியே நிறையக் காற்றோடு கலந்து, மெலிந்த சுடராகத்தான் எரிக்கிறோம். சுமார் 1500 டிகிரிக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு மளமளவென்று ஏறும். அதைத் தவிர்க்கப் போய், அணையும் விளிம்பிலேயே குடியிருக்கிறோம்.

11-ஆம் கேனில் 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மேடு. அலாரத்துக்கு வெகு கீழே. சராசரியை விட்டுவிட்டு நேரடி அலையைத் திரையில் போட்டுப் பார்த்தேன். வழக்கமான இரைச்சல் ஓடிக்கொண்டே வருகிறது. திடீரென்று கோடு மெலிகிறது, கண் இமைப்பதற்குள் ஒரு பெரிய துடிப்பு, பிறகு பழையபடி இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. சுடரின் ஒரு பகுதி அணைந்து, தேங்கிய கலவை மீண்டும் பற்றுகிறது. எப்போதாவது வந்துகொண்டிருந்தது அடிக்கடி வரத் தொடங்கியது.

"பைலட்டைக் கூட்டுவோம் சார்" என்றேன். ஷிஃப்ட் இன்சார்ஜ் நாக்ஸ் மீட்டரைப் பார்த்தார். "லிமிட்டைத் தொட்டுடும்ப்பா." "டிரிப் ஆகி டர்பைனே நின்னுட்டா?" பேசாமல் தலையாட்டினார். பைலட் கொஞ்சம் ஏறியது, நாக்ஸும் ஏறியது, லிமிட்டுக்குள் நின்றது. துடிப்புகள் அடங்கிப் போயின. ஸ்கேனர்கள் இரவு முழுக்கப் பச்சையாகவே இருந்தன. 11-இல் ஸ்கேனர் கிடையாது என்பது வேறு விஷயம்.

நவம்பர் 18

நேற்றைய மேடு ஏன் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது? எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அரை ஹெர்ட்ஸ் துல்லியத்தில் வேண்டுமென்றால் 2 வினாடி நீளத்துக்கு அலையை எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட 30 துண்டுகளைச் சராசரி செய்தால் ஒரு நிமிடம். கால் வினாடியில் வந்து போகும் துடிப்பு அதில் கரைந்துவிடும். கோடு வழவழப்பாக இருந்தால் அறிக்கைக்கு அழகு, அவ்வளவுதான். துடிப்புகளை எண்ணிச் சொல்லும் ஒரு கணக்கு இருந்தால் ஒற்றை நிமிடச் சராசரியைவிடப் பயன்படும்.

சுடர் அணைவதில் மட்டுமல்ல, அதிர்வு வளர்வதிலும் இதே மாதிரிதான். சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜித்தின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பெரும் அதிர்வு ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. ஒழுங்கற்ற இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான துடிப்பு திட்டுத்திட்டாகத் தலைகாட்டி மறைகிறது. அந்தத் திட்டுகள் நீண்டு சேர்ந்துதான் முழு அதிர்வாகிறது. இரைச்சலின் சிக்கலான குணம் முன்கூட்டியே குறைவதை ஹர்ஸ்ட் எண் என்ற அளவால் பிடிக்கலாம் என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், இரைச்சல் இரைச்சலாக இருக்கும்வரை நிம்மதி. சுருதி சேரத் தொடங்கினால் கவலை. சத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் எங்கள் அலாரத்துக்கு இது தெரியவே தெரியாது.

நவம்பர் 24

முழு லோடு. எல்லாக் கேன்களிலும் 140 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மெல்லிய நாதம் உண்டு, தொந்தரவில்லாத அளவு. 11-இல் மட்டும் அது 137-இல் நிற்கிறது. மூன்று ஹெர்ட்ஸை யார் கண்டுகொள்வார்கள்?

கேனின் நாதம் உள்ளே ஒலியின் வேகத்தோடு ஏறி இறங்கும். அந்த வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு போகிறது. அறைக் காற்றில் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம், எரிந்த வாயுவில் 800-ஐத் தாண்டும். அதிர்வெண் இரண்டு சதவீதம் இறங்கினால் கெல்வின் கணக்கில் வெப்பம் நாலு சதவீதம் குறைவு. 1800 கெல்வினில் அது கிட்டத்தட்ட 75 டிகிரி. சுடரின் தாமதமும் அதிர்வெண்ணை இழுக்கும் என்பதால் இதைத் தெர்மாமீட்டர் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது: 11 மற்றவற்றைவிடக் குளிர்ச்சியாக எரிகிறது. குளிரில் முதலில் தள்ளாடியதும் அதுவே. தெர்மோகப்பிளில் குளிர்ந்த இடத்தை எடுத்து, இந்த லோடுக்கான சுழற்சியைக் கழித்துப் பார்த்தேன். 10-க்கும் 11-க்கும் நடுவில் வந்து நின்றது.

11-இன் எரிபொருள் நாசிலைச் சந்தேகப்படுகிறேன் என்று பராமரிப்புப் பதிவேட்டில் எழுதினேன். "மூணு ஹெர்ட்ஸுக்கா?" என்று ஒருவர் சிரித்தார்.

டிசம்பர் 3

திட்டமிட்ட நிறுத்தம். 11-இன் மூடியைக் கழற்றி நாசில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு நாசிலில் எரிபொருள் துளைகள் சிலவற்றின் வாயில் கறுத்த படிவு. குண்டூசி முனையால் தொட்டால் உதிர்கிறது. பாதி அடைந்த துளைகளும் இருந்தன. ஃப்ளோ டெஸ்டில் அந்த நாசில் தன் ஜோடிகளைவிடக் குறைவாகவே விட்டது. படிவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கேஸ் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும், அது நாளைக்கு.

5-ஆம் பெட்டியின் சுருளை வடிகால் பக்கம் சரிவாகத் திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறேன். குறைந்த சத்தத்துக்கான அலாரத்தை ஒப்புக்கொண்டார்கள். துடிப்பு எண்ணும் கணக்குக்கு மட்டும் "அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்" என்று பதில்.