கியூபா அலர்ட்

சென்னை ஓஎம்ஆரில், வெளிநாட்டு வங்கி ஒன்றின் பேக் ஆபீசில் பல வருடங்களாக சாங்ஷன்ஸ் ஸ்க்ரீனிங், அதாவது பொருளாதாரத் தடையில் மாட்டுகிற பேமென்ட்களைப் பிடிக்கிற வேலை பார்க்கிறேன். டாலரில் போகிற பணம் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் நியூயார்க்கில் ஏதோ ஒரு வங்கியின் கணக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அப்படிப் போகும்போது ஒரு ஃபில்டர் அந்த மெசேஜைப் படிக்கும். தடைப் பட்டியலில் இருக்கிற பெயரோ ஊரோ கண்ணில் பட்டால் பேமென்ட் நின்றுவிடும், அலர்ட்டாக எங்கள் திரைக்கு வரும், விடலாமா கூடாதா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

கியூபா மீது அமெரிக்கா தடை போட்டிருப்பதால் அந்தப் பெயர் பட்டாலே அலர்ட் வரும். இந்த கியூபா அலர்ட்டில் பெரும்பாலானவை வீண்தான். நியூசிலாந்தின் வெலிங்டனில் கியூபா ஸ்ட்ரீட் என்று பெயர்பெற்ற ஒரு தெரு இருக்கிறது, அங்கே ஒரு கடைக்குப் பணம் போனாலும் நிற்கும். அதையெல்லாம் பார்த்தவுடன் ரிலீஸ் செய்துவிடலாம். மனசை அரிப்பது மற்றவைதான்.

ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினில் வேலை பார்க்கிற ஒரு பெண், மெக்சிகோவில் இருக்கும் தன் அக்காவுக்குச் சில நூறு டாலர் அனுப்புகிறார். விவரம் எழுதும் இடத்தில் பல் வைத்தியத்துக்கு என்று போட்டிருக்கிறது. அனுப்பிய வங்கி அவருடைய பிறந்த ஊரையும் மெசேஜில் சேர்த்துவிட்டது: கியூபாவின் தலைநகர் ஹவானா. அவ்வளவுதான், நின்றுவிட்டது. கியூபாவை விட்டு வெளியேறி வேறு நாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கு அமெரிக்க விதியிலேயே விலக்கு உண்டு. அதனால் குடியிருப்புச் சான்று கேட்டு எழுதினோம், வந்தது. எங்களுக்கு அடுத்த கட்டமாகச் சரிபார்க்கிற லெவல் 2-வில் அக்காவுடைய சான்றும் வேண்டும் என்றார்கள். அதற்குப் பதில் வரவில்லை, கொஞ்ச நாள் கழித்து அனுப்பிய வங்கியே பேமென்ட்டைத் திரும்பக் கேட்டுவிட்டது. இந்த இரண்டு பெண்களுக்கும் ஹவானா அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் அந்த அரசாங்கத்தை விட்டுப் போனவர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தெரிய வேண்டுமானால் 1960-க்குப் போக வேண்டும். சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்றன கியூபாவில் இருந்த அமெரிக்க எண்ணெய் கம்பெனிகள். கியூபாவை ஆண்ட காஸ்ட்ரோ அவற்றைக் கையகப்படுத்தினார், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் கியூபச் சர்க்கரைக்கான கோட்டாவை வெட்டினார், 1962 பிப்ரவரியில் கென்னடி வர்த்தகத்தை மொத்தமாக மூடினார். 1963 ஜூலையில் அமெரிக்க நிதித்துறை கொண்டுவந்த விதித் தொகுப்பைத்தான், திருத்தங்களோடு, இன்றைக்கும் நாங்கள் புரட்டிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான தடைகள் பட்டியலில் இருக்கிற குறிப்பிட்ட ஆட்களையும் நிறுவனங்களையும்தான் முடக்கும். கியூபா விதி அப்படி இல்லை, விலக்கு எதிலும் வராவிட்டால் கியூபக் குடிமகன் என்பதே போதும். 1996 பிப்ரவரியில், நாடுகடந்த கியூபர்களின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபா சுட்டு வீழ்த்தி நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவில் இந்தத் தடையைச் சட்டமாகவே ஆக்கிய ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எந்த அமெரிக்க அதிபரும் தனியாக இந்தத் தடையை முழுசாக எடுத்துவிட முடியாது, அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதிக்க வேண்டும்.

அதிபரால் முடிந்தது, அங்கங்கே கொஞ்சம் திறப்பதும் மூடுவதும்தான். எங்கள் மேஜையில் அது அப்படியே தெரியும். ஒபாமா காலத்தில், 2016 மார்ச்சில், அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற கியூபா பேமென்ட் அமெரிக்க வங்கி வழியாகக் கடந்துபோகலாம் என்றார்கள். யூ-டர்ன் என்று நாங்கள் சொல்வோம். 2019-இல் ட்ரம்ப் அரசு அதை மூடியது, 2024 மே மாதம் பைடன் அரசு மறுபடி திறந்தது. ஒவ்வொரு தடவையும் புது சர்க்குலர், புது டிரெய்னிங். ஐரோப்பிய வங்கிகளின் நிலைமை இன்னும் மோசம். இந்த அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்படக் கூடாது என்று 1996-லேயே ஐரோப்பிய ஒன்றியம் தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் 2014-இல் சூடான், ஈரான், கியூபா பேமென்ட்களுக்காக பிரான்ஸின் பிஎன்பி பாரிபா வங்கி அமெரிக்காவில் அபராதமாகக் கட்டியது கிட்டத்தட்ட 900 கோடி டாலர். அதைப் பார்த்த பிறகு எந்த வங்கி ஐரோப்பியச் சட்டத்தை நம்பி இறங்கும்?

கியூப அரசைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்புகிற பணத்தைக் கையாள்வதில் ராணுவத்தின் கேசா என்கிற வணிகக் குழுமத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. அந்தப் பணத்தில் ராணுவம் கை வைக்கக் கூடாது என்று அமெரிக்கா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 ஜூலை 11 அன்று சாப்பாடு, மருந்து, கரண்ட் இல்லை என்று தெருவுக்கு வந்த சொந்த மக்களைக் கும்பல் கும்பலாகச் சிறையில் போட்டதும் அந்த அரசுதான். ஆனால் ராணுவத்தின் வழியை அடைத்தபோது நடந்தது என்ன? 2020 நவம்பரில் கியூபா முழுக்க வெஸ்டர்ன் யூனியன் அலுவலகங்கள் மூடின. ராணுவத் தளபதி அந்த வரிசையில் நின்றதே இல்லை, நின்றதெல்லாம் மயாமியிலிருந்து மகன் அனுப்புகிற பணத்துக்காகக் காத்திருந்த அம்மாக்கள்.

கியூபாவுக்கும் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டுக்கும் நடுவில் 90 மைல் கடல்தான். 1992-லிருந்து கிட்டத்தட்ட வருஷா வருஷம் ஐ.நா. பொதுச்சபை இந்தத் தடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றுகிறது, அமெரிக்கா அசையவில்லை. இது நியாயம் என்று என்னால் ஒருநாளும் நினைக்க முடியவில்லை. தடை போட்டது அந்த அரசை மாற்றத்தான் என்றால், அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே கட்சிதான் ஆள்கிறது.

என் கைக்கு எட்டுகிற இடம் சின்னது. 2024-இல் யூ-டர்ன் திறந்த பிறகும் எங்கள் தலைமையகம் வழியைத் திறக்கவில்லை, ரிஸ்க் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அப்படியும் நிறுத்துகிற ஒவ்வொன்றிலும் 'கியூபா தடை' என்று ஒரே காரணத்தை எழுதி வந்தோம். இப்போது என் டீமில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம், சட்டப்படி நிறுத்துகிறோமா, வங்கியின் சொந்த முடிவால் நிறுத்துகிறோமா என்று தனி வரியில் எழுதச் சொல்கிறேன். மேலே பேசி அனுமதி வாங்கித்தான் செய்கிறோம். அனுப்பிய வங்கி அதைத் தன் வாடிக்கையாளரிடம் சொல்ல முடிகிறது, சிலர் மறுநாளே அதே தொகையை யூரோவில் வேறு வழியாக அனுப்பிவிடுகிறார்கள்.