எலும்பு என்று சொன்னேன்

"எலும்புதாம்மா, தந்தம் இல்ல" என்று நான் சொன்னபோது அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் நின்ற பொம்மையைத்தான் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லாத கிழவன், தோளில் தூண்டில், காலடியில் மீன். அந்த அம்மாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய், வியட்நாமில் சைகோனிலிருந்து கொண்டுவந்தாராம். புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று அலமாரியில் இருக்கும்.

தந்தமேதான். அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வலை பின்னியதுபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் கோடுகள். எலும்பில் அது வராது, பொடிப்பொடியாகக் கறுப்புத் துளைதான் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பழம்பொருள் கடையில் இதைத்தானே பார்க்கிறேன்.

முதலாளி உள்ளே இருந்தார். தந்தம் என்று என் வாயில் வந்திருந்தால் வாங்கிப்போட்டு, பில்லில் 'எலும்பு வேலைப்பாடு' என்று எழுதச் சொல்லியிருப்பார். ஒருமுறை எழுதியும் இருக்கிறேன். அதற்கு இந்தப் பொய் எவ்வளவோ மேல் என்று அன்று தோன்றியது. நம் நாட்டுத் தந்த வியாபாரத்துக்கு 1986-இலும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-இலும் சட்டம் தடை போட்டுவிட்டது. பழசுதானே, என்றோ செத்த யானைதானே என்பார்கள். என் லென்ஸ் தந்தமா இல்லையா என்றுதான் சொல்லும். எழுபது வருடத்துக்கு முன் அறுத்ததா, போன மாதம் அறுத்ததா என்று சொல்லாது. பழசுக்குக் கதவு திறந்தால் புதுசும் அதே கதவில்தான் வரும். நம் யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம் என்பதால் கொம்பனாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

சரி, இதையே அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே? விற்கக்கூடாது, வனத்துறையில் கேளுங்கள் என்று. 2003-இல் கையிருப்பைத் தெரிவிக்க 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அப்போது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். பயந்தது நானாகவும் இருக்கலாம், முதலாளி காதில் விழும் தூரம்.

"ஆறு மாசச் சம்பளம்னு அப்பா சொல்லுவாரு" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் கழித்து, "அப்பாவுக்குப் பொய் வராது தம்பி. அவரைத்தான் யாரோ ஏமாத்தியிருக்காங்க."

யானைக்காகச் சொன்னது என்றே வைத்துக்கொண்டாலும், செத்துப்போன ஒரு மனிதரை மகள் முன்னால் ஏமாளியாக்கிவிட்டேன். இன்னொன்று ராத்திரிதான் உறைத்தது. அவர் வேறு கடைக்குப் போய், எலும்புதான் என்று தானே சொல்லிக் காட்டியிருந்தால்? விவரம் தெரிந்தவன் முந்நூறு ரூபாய்க்கு அள்ளியிருப்பான். விற்பனையைத் தடுக்கச் சொன்ன பொய், விலையை மட்டும் இறக்கியிருக்கும். போனாரா என்று தெரியாது.

பொம்மையை முந்தானையில் சுற்றிக்கொண்டே, "பேரன் விளையாடக் கேட்டுட்டே இருப்பான். இனிமே குடுத்துடலாம்ல?" என்று கேட்டார். குடுங்கம்மா என்றேன். தூண்டில் மெல்லிசு, உடைந்துவிடும் என்று வாய்வரை வந்தது.