பாஸ்போர்ட் மலேசியா, முகம் பெரம்பூர்

வெள்ளைக்கார மிஷனரி சென்னையில் வழி தெரியாமல் நின்றால் நாலு பேர் ஓடி வந்து உதவுகிறார்கள். நான் நின்றால், "படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய், போர்டைப் பார்க்கக் கூடாதா தம்பி?" என்கிறார்கள். நான் மலேசியாவில் ஈப்போக்காரன். தாத்தாவின் அப்பா காலத்திலேயே கப்பல் ஏறிய குடும்பம். சென்னை எனக்கு முழுக்க முழுக்க வெளிநாடு. அதை என் முகம் யாருக்கும் சொல்வதில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஊழியம் செய்கிறேன். மார்மன் என்றால்தான் பலருக்குப் புரிகிறது. ஆனால் முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018-ல் சபைத் தலைமை வலியுறுத்தியதிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் தவிர்க்கிறோம். ஆண்கள் 18 வயதிலிருந்து ஊழியத்துக்குப் போகலாம், இரண்டு வருடம். பெண்களும் இப்போது 18 வயதிலிருந்தே போகலாம், 18 மாதம். சம்பளம் கிடையாது. எந்த ஊர் என்று நாம் கேட்கவும் முடியாது. மணிலாவில் பயிற்சி, பிறகு பெங்களூரு மிஷன், அங்கிருந்து சென்னையின் பெரம்பூர்.

எங்கு போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். பழைய ஆள் ஒருவன் இருந்து புதியவனுக்கு ஊரைக் காட்டுவதுதான் வழக்கம். எங்கள் விஷயத்தில் இருவருமே புதியவர்கள். என் கூட்டாளி ஆந்திராவின் ராஜமுந்திரிப் பையன். எனக்குத் தமிழ் தெரியும், ஊர் தெரியாது. அவனுக்கு இந்தியாவின் நெளிவுசுளிவுகள் எல்லாம் தெரியும், தமிழ் தெரியாது. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும்.

பெரம்பூரில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் வந்தால் பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று மூன்று நிலையங்கள் வரிசையாக வரும். யாராவது "பெரம்பூரில் இறங்கி வாருங்கள்" என்றால், எந்தப் பெரம்பூர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் அந்தக் குழப்பம் இல்லை. நெரிசல் வேறு கதை.

வீட்டை மிஷன் அலுவலகமே வாடகைக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் 'சி' படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அவரிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். "எந்த ஊர் தம்பி நீ? திருநெல்வேலியா?" பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்த பிறகும், அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டச்சு செய்து முடித்தார். அரைகுறையாக விடும் ஆள் இல்லை.

தெருவில் எங்களை முதலில் யாரும் மிஷனரி என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை என்று போனால் சென்னையில் அது மெடிக்கல் ரெப். மருந்துக் கடைக்காரர் ஒருவர் நாங்கள் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, "ஆர்டர் எல்லாம் போன வாரமே கொடுத்தாயிற்று" என்று கையை ஆட்டினார். விஷயம் தெரிந்த பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா? லூர்து மாதா திருத்தலம் இருக்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. மூன்றும் இல்லை என்றால் அடுத்தது, "உங்கள் பாஸ்டர் யார்?" சம்பளம் வாங்கும் பாஸ்டர் எங்களுக்கு இல்லை, வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஒருவர்தான் கிளைத் தலைவர் என்றால் நம்ப மறுத்தார்கள். திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீரை வைத்துத்தான் திருவிருந்து என்றதும் எதிர்வீட்டு அக்கா பேச்சையே மாற்றிவிட்டார்.

இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். பழகாதது காபி.

1833-ல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த 'ஞான வார்த்தை' என்ற வெளிப்பாட்டின்படி மதுவும் புகையிலையும் எங்களுக்குக் கூடாது. அதில் 'சூடான பானங்கள்' என்றும் இருக்கிறது. காபியும் தேநீரும்தான் அது என்று சபை விளக்கம் தந்திருக்கிறது. வெள்ளைக் காபிக்குப் பேர்போன ஈப்போவில் பிறந்தவனுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. ஆனால் அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கதவு தட்டுவதில்லை. சபை உறுப்பினர்கள் அறிமுகம் செய்கிற வீடுகளுக்குத்தான் போவோம். அப்படி வியாசர்பாடிப் பக்கம் ஒரு வீடு. உட்கார்ந்ததும் அந்த அம்மா டம்ளர், டபராவில் நுரை ததும்பக் காபி கொண்டுவந்தார். "நாங்கள் காபி குடிப்பதில்லை, மன்னியுங்கள்" என்றேன். பணிவாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். முகம் சுருங்கிப் போயிருந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

கூட்டாளிக்கு அந்தக் கணமே புரிந்தது. "அம்மா, தண்ணீர்" என்றான், தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் இரண்டைப் போட்டு. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. இங்கே டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர்கள் அதிகம். அவனும் அப்படித்தான் குடிப்பான். அன்று வேண்டுமென்றே வாய் வைத்து, நிதானமாகக் குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டான். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும்தான் விளக்கினான். யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள், யார் நனைக்க மாட்டார்கள் என்பதற்கு இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கு இருக்கிறது. நாம் மதக் கட்டுப்பாடு என்று நினைத்துச் சொல்வது அவர்கள் காதில் சாதியாக விழும். அமெரிக்கப் பையன் காபியை மறுத்தால் அது அவன் வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். என் முகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதற்குப் பிறகு எந்த வீட்டு வாசலை மிதித்தாலும், உட்காருவதற்கு முன்பே "அம்மா, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டுவிடுகிறேன். கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று விசாரிப்பதில்லை. அதனால் வயிறு கெட்டதும் உண்டு. காபி வேண்டாம் என்பதைப் பிறகு சொன்னால் பால் வரும், ஹார்லிக்ஸ் வரும். "இந்த வயதிலேயே சர்க்கரையா?" என்ற அனுதாபமும் வரும். ஒரு பாட்டி சுக்குமல்லி காபி போட்டுக் கொடுத்தார். அதில் காபித்தூள் இல்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகு குடித்தேன்.

எங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்ற அறிவிப்பு வரும். ராஜமுந்திரிக்காரனைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அவனுக்குப் பதில் வந்தவன் ஷில்லாங்கைச் சேர்ந்தவன். பெட்டியை உள்ளே வைப்பதற்குள் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் தம்பி, 'சி' படிவம் பதிய வேண்டும்." அவன் என்னைப் பார்த்தான், பிறகு பர்ஸைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான்.