ஒரு சொல்லுக்காக நான்கு நடை

சனிக்கிழமை காலை, யூத இனப்படுகொலையைக் கற்பிப்பது பற்றிய ஆசிரியர் பயிற்சி. கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததோ வியாழன் மாலை. அதுவும் ஒன்றரை மாத அலைச்சலுக்குப் பிறகு. பயிற்சி நல்லபடியாக முடிந்து ஒரு வாரம் ஆகியும் எனக்கு மனம் ஆறவில்லை. இதே வேலையில் இறங்கும் யாருக்காவது என் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்தி முடித்ததும், "ஹிட்லர் மாதிரி ஒருவர் வந்தால்தான் நாடு உருப்படும் சார்" என்று ஒரு பையன் சொல்லாத ஆண்டே எனக்கு இருந்ததில்லை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைப் படித்த பிறகும் அப்படிச் சொல்கிறான் என்றால், குறை எங்கள் கற்பித்தலில்தான். ஆகவே யூத இனப்படுகொலையை வகுப்பில் எப்படி எடுப்பது என்று சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த நினைத்தேன்.

முதல் நடையில் தபால் பிரிவைத் தாண்டவில்லை. பொருள் வரியில் "இனப்படுகொலை" என்ற சொல்லைப் படித்த எழுத்தர் கடிதத்தை என் பக்கமே தள்ளினார். "இலங்கை விவகாரமா சார்? இதெல்லாம் மேலே போகாது." ஜெர்மனி என்றேன். "எந்த நாடானாலும் இந்தச் சொல் வேண்டாம். உலகப் போர் பயிற்சி என்று மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்." மாற்றியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை. போரில் சாவது வேறு; ஓர் இனத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காகத் தேடிப் பிடித்துக் கொல்லப்படுவது வேறு. அந்த வேறுபாட்டைக் கற்பிக்கத்தானே பயிற்சி!

இரண்டாம் நடையில், 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையின் முதல் இரண்டு பிரிவுகளைத் தமிழில் எழுதி இணைத்தேன். இந்தியா அதை 1959இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது என்பதையும் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். அதன்பின் சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. பயிற்சி நடக்கும் பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதம் எங்கே என்று எழுத்தர் கேட்டார். முதல் நாளே கேட்டிருக்கலாம். மூன்றாம் நடையில் ஒப்புதல் இருந்தது, கோப்பு இல்லை. பிரிவு எழுத்தர் விடுப்பு, அலமாரிச் சாவி அவரிடம். இரண்டு பஸ் மாறி வந்த அரை நாள் வீண். நான்காம் நடையில் கண்காணிப்பாளர் அம்மா கோப்பை நின்றபடியே படித்து, கையெழுத்துக்கு உள்ளே அனுப்பிவைத்தார். "என் மகளும் பத்தாவதுதான், சொல்லிக்கொடுங்கள்" என்றார். அவருக்கு என் நன்றி.

போகிறவர்கள் கவனிக்க: என்னென்ன இணைப்புகள் வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். பொருள் வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயிற்சியன்று பெரிய தவறு என்னுடையது. முகாம்களில் குவிந்து கிடந்த உடல்களின் படங்களைத் தொடக்கத்திலேயே திரையில் காட்டிவிட்டேன். அரங்கம் உறைந்துபோனது, அடுத்த அரை மணி நேரம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைகள்? இடைவேளைக்குப் பிறகு அந்தப் படங்களை எடுத்துவிட்டு, இறந்தவர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த குடும்பப் படங்களைக் காட்டினேன். அப்போதுதான் பேச்சு வந்தது.

இன்னொரு எச்சரிக்கை. தம் வகுப்பில் பாதிப் பேருக்கு, நாஜிகள் யூதர்களை அணியவைத்த அடையாளம் போல மஞ்சள் துணி குத்தி "யூதர்களாக" நடிக்க வைத்ததாக ஓர் ஆசிரியர் பெருமையுடன் சொன்னார். துணி குத்திய பையன்களை மற்றவர்கள் ஒரு வாரம் கேலி செய்தார்களாம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வரும் ஊர்கள் நம்மிடமே இருக்கின்றன. அந்த வலியை நடித்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

ஹிட்லர் மோகத்துக்கு மருந்து தேதிகள்தான். நேதாஜியே அவரைச் சந்தித்தாரே என்று மாணவர்கள் கேட்பார்கள். சந்தித்தார், 1942 மே மாதம், வெள்ளையரை வெளியேற்ற உதவி தேடி. அதே ஆண்டு ஜூலையில்தான் போலந்தின் வார்சா நகரிலிருந்து டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு யூதர்களை ஏற்றிய ரயில்கள் புறப்பட்டன. இரண்டு தேதிகளையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

அன்று எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு சிறிய காலக்கோடு. 1933 ஏப்ரலில் யூத அரசு ஊழியர்கள், அவர்களோடு ஆசிரியர்களும், வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1935இல் குடியுரிமை போயிற்று. 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இதைப் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை எழுந்து, "பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்தவர் வகுப்பாசிரியர்தானே சார்?" என்று கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்த அடுத்த பகுதியை விட்டுவிட்டேன். மாலை வரை அந்த ஒரு கேள்வியைச் சுற்றியேதான் பேசினோம்.

வருகைச் சான்றிதழ்களில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல்களோடு.