மறுக்கப்பட்ட ஊதியப் பட்டியல்

ஒரே வேலையைச் செய்த ஆண்களுக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம் போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்காவின் 1963-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின்கீழ் ஃபெடரல் நீதிமன்றத்தில் என் பழைய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டேன். வக்கீல் பாதியில் விலகிவிட்டார். அதன்பின் நானே வாதாடினேன்.

நிறுவனம் ஊதியப் பட்டியலைத் தர மறுத்தது. அதைத் தரச்சொல்லி உத்தரவிடக் கோரிய என் மனுவை, மாவட்ட நீதிபதிக்குக் கீழே இருக்கும் மாஜிஸ்திரேட் நீதிபதி இரண்டே பத்தியில் தள்ளுபடி செய்தார். அன்றிரவே மேல்முறையீட்டுக்குப் போகத் துடித்தேன். அதற்கு வழியில்லை. தடையுத்தரவு மறுக்கப்படுவது போன்ற சில விஷயங்களைத் தவிர, இடையில் வரும் உத்தரவுகளை எதிர்க்க இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்கு 14 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் பிற்பாடு அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நான் பதின்மூன்றாம் நாள் கொடுத்தேன். அவரும் ஏற்கவில்லை. ஆனாலும் ஆட்சேபம் பதிவில் ஏறிவிட்டது. பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

சில மாதங்களில், ஆதாரம் இல்லை என்று சொல்லி, சாட்சி விசாரணைக்கே போகாமல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆதாரம் அவர்களுடைய பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்று நான் கொடுத்த பிரமாணப் பத்திரத்தைத் தீர்ப்பு கண்டுகொள்ளவே இல்லை. அன்று அழுதேன்.

மேல்முறையீட்டுக்கு அன்றிலிருந்து 30 நாள் கெடு. ஃபெடரல் அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள். இந்தக் கெடு இரக்கம் பார்க்காது. 2007-இல் முடிந்த பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல் வழக்கில், கெடு தவறியவருக்கு மேல்முறையீடு செய்ய மறுபடி 14 நாள் தர வேண்டிய இடத்தில் நீதிபதியே தவறுதலாக 17 நாள் கொடுத்தார். அதை நம்பி 16-ஆம் நாள் வந்தவரை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று திருப்பி அனுப்பியது. அதைப் படித்த மறுநாளே கிளம்பிவிட்டேன். மேல்முறையீட்டு அறிவிப்பு ஒரே பக்கம்தான். அதை மாவட்ட நீதிமன்ற அலுவலகத்திலேயே கொடுக்க வேண்டும். கட்டணம் 605 டாலர். தீர்ப்போடு சேர்த்து, பட்டியல் மறுக்கப்பட்ட உத்தரவையும் தேதியோடு குறிப்பிட்டேன்.

வாதுரைக்கு, அதாவது மேல்முறையீட்டில் எழுதித் தரும் வாதத்துக்கு, உச்சவரம்பு 13,000 சொற்கள். முதல் வரைவு முழுக்க எனக்கு நேர்ந்த அநியாயம்தான். அதைக் கிழித்துப் போட்டேன். நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் வழக்குகளைக் கேட்கும் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பிலடெல்பியாவில் இருக்கிறது. அங்குள்ள நீதிபதிகள் என் கதையை முதலிலிருந்து கேட்க உட்காரவில்லை. ஆவணத்தைத் தரச்சொல்லி உத்தரவிடுவதும் மறுப்பதும் கீழ்நீதிபதியின் விருப்புரிமை. அந்த வரம்பை அவர் மீறினார், அதனால் என் வழக்கே சாய்ந்தது என்ற இரண்டையும் காட்டினால்தான் தலையிடுவார்கள். ஆகவே ஒரே கேள்வியைச் சுற்றி எழுதினேன்: பட்டியலைக் கொடுக்காமல், பட்டியலில் உள்ளதை நிரூபி என்று எப்படிக் கேட்கலாம்?

வாய்மொழி வாதம் வைக்கவில்லை; காகிதத்தை மட்டும் பார்த்தே முடிவு செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து வந்த உத்தரவு ஏழு பக்கம். தீர்ப்பு ரத்து, வழக்கு மீண்டும் கீழ்நீதிமன்றத்துக்கு. கடைசிப் பக்கத்தை நின்றபடியே மூன்று முறை படித்தேன்.

போன வாரம் ஊதியப் பட்டியல் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஸ்கேலும் பென்சிலுமாக வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.