நல்லூர் வீதியில் மேளம் கேட்டேன்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆடி அமாவாசை கழிந்து கொடியேறினால் 25 நாள் திருவிழா. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருப்பதால் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நான் போனது நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளம் கேட்க.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மேளக்காரர்கள் பாட்டுக்கு வாசிப்பார்கள், நாம் பாட்டுக்குப் பேசுவோம். நல்லூரில் சுவாமி வீதியுலா வரும்போது, தவில்காரர்களின் முகத்தைப் பார்த்தபடி ஒரு கூட்டம் மணலில் பின்னோக்கி நடந்து வருகிறது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழுகிற விரல்களில் வெள்ளைக் கூடுகள், இடப்பக்கம் தொப்பியில் கழி. ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் அப்படியே வாங்கி, குறைத்துக் குறைத்துத் திருப்பித் தருகிறார். வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் வந்து விழுந்ததும் அத்தனை தலைகளும் ஒன்றாக ஆடுகின்றன. பத்து வயதுப் பையன் ஒருவன், தாளத்தில் அரை இடம் தள்ளித் தொடங்கிய எடுப்பைப் பிசகாமல் தொடையில் தட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறான்.

மறுநாள் யாழ்ப்பாணத்து ஊர்களான இணுவில், அளவெட்டி. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் மண். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் தமிழ்நாட்டு வித்துவான்களே தலைவணங்கும்படி வாசித்துவிட்டுப் போனார். மயிலாப்பூரில் கற்பகாம்பாள் சன்னிதியில் நின்று நாம் பாடும் ‘கற்பகவல்லி நின்’ பாட்டை எழுதிய வீரமணி ஐயரும் இணுவில்காரர்தான். நம் சபாக்களில் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசி அரைமணியில் பாடும் சிறு உருப்படியாக, துக்கடாவாக ஒதுங்கிக் கிடக்கிறது. ‘தமிழ் வாழ்க’ என்று மாநகராட்சிக் கட்டடத்தில் விளக்குப் போட்டு எழுதியிருக்கிறோம், சரி. நாகஸ்வரத்தையும் தவிலையும் உட்கார்ந்து கேட்க எத்தனை பேர் இருக்கிறோம்? எனக்கு இது பெரிய வருத்தம்.

நல்லூர் வீதியில் பழக்கமானவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். “இந்தியாவில இருந்தோ வாறியள்? மேளத்தை வடிவாக் கேளுங்கோ தம்பி” என்று முன்னால் இடம் பிடித்துத் தந்தவர். பேச்சு அரசியலுக்குப் போனதும், பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஓய்வூதியம் பற்றி ஓர் அலுவலகம் அனுப்பியது. மூன்று பத்தி, கீழே முத்திரை. அவர் பெயர் உட்பட எல்லாமே சிங்களத்தில். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. “சட்டத்தில தமிழ் இருக்கு. இதை வாசிக்க நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேட வேண்டிக் கிடக்கு” என்றார். நாற்பது வருடம் தமிழ் படிப்பித்த மனிதர் அவர். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தெற்கின் கட்சி ஒன்று இங்கே தமிழ்க் கட்சிகளை முந்தியதை நம்மூரில் பலர் நம்பவே இல்லை. ஆறே மாதத்தில், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், காற்று மறுபடி தமிழ்க் கட்சிகள் பக்கம் அடித்தது. நிலையில்லாத மனம் என்று இதைச் சொல்வோர் இருக்கிறார்கள். அந்த ஆசிரியரிடமே கேட்டேன்.

“களவில்லாத அரசாங்கம் வரட்டும் எண்டு முதல் அவைக்குப் போட்டனான். பிறகு எங்கட காணியையும் மொழியையும் ஆர் கேக்கிறது எண்டு யோசிச்சு எங்கட ஆக்களுக்குப் போட்டனான். ரெண்டும் வேணும் தம்பி, ரெண்டையும் கேப்பன்.”

இதில் தடுமாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பலாலிப் பக்கம் இராணுவத்தின் கையில் இன்னும் காணிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 2025இல் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. இவற்றுக்குப் பதிலும், தன் பெயர் தமிழில் எழுதிய ஒரு கடிதமும் அவர் கேட்கிறார். எந்தக் கட்சி கொழும்பில் இருந்தாலும் அது கொடுத்தே ஆக வேண்டியது.