கிளாஸ்கோ ஊடகக் குழுவை எப்படிப் படிக்கலாம்?

இதழியல் முதுகலையில் ஊடக ஆய்வுத் தாள் எழுதுகிறவர்கள் டிவி செய்திகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் குழுவான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழுவைத் தாண்டிப் போக முடியாது. நாலு புத்தகப் பெயரும் வருடமும் மனப்பாடம் செய்தால் ஒரு மார்க் கேள்விக்குச் சரி, கட்டுரைக் கேள்விக்குப் பத்தாது. அந்தக் குழு அடுத்தடுத்து என்ன கேட்டது என்று தொடர்ந்து போனதுதான் எனக்குக் கைகொடுத்தது.

குழு 1974-இல் தொடங்கியது. ஜான் எல்ட்ரிட்ஜ், கிரெக் ஃபைலோ, பிரையன் வின்ஸ்டன் ஆகியோர் அதில் இருந்தார்கள். 1975-இன் முதல் பாதியில் பிபிசி செய்திகளையும், தனியார் சேனலான ஐடிவிக்குச் செய்தி தயாரிக்கும் ஐடிஎன் நிறுவனத்தின் செய்திகளையும் வீடியோவில் பதிவுசெய்து ஒவ்வொன்றாக அலசினார்கள். வேலைநிறுத்தம் என்றால் மேலாளர் அமைதியான அறையில் உட்கார்ந்து பேசுவார். தொழிலாளி தெருவில், இரைச்சலுக்கு நடுவே நின்று பேசுவார். அந்த வருடம் கிளாஸ்கோவிலேயே குப்பை லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திரையில் வந்தது குவிந்த குப்பையும், சுகாதார ஆபத்தும், அள்ள வந்த ராணுவமும். ஓட்டுநர்கள் ஏன் கூடுதல் சம்பளம் கேட்டார்கள் என்பது பின்னுக்குப் போனது. விடையில் இந்த உதாரணத்தை நிதானமாக எழுதுங்கள். டிவி செய்தி நடுநிலையாக இல்லை, தொழிலாளர்களுக்கு எதிராகச் சாய்கிறது என்பது 1976-இல் வந்த குழுவின் 'பேட் நியூஸ்' நூலின் வாதம். அதை இந்த உதாரணத்தை வைத்தே விளக்கிவிடலாம். 1980, 1982 தொடர்ச்சி நூல்களுக்கு ஒரு வரி போதும்.

அப்புறம்தான் பெரிய திருப்பம். திரையில் என்ன வருகிறது என்று கேட்டவர்கள், பார்ப்பவர் மனதில் என்ன தங்குகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 1984-85-இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் படங்களைக் கொடுத்து, நீங்களே செய்தி எழுதுங்கள் என்று மக்களிடம் சொன்னார் ஃபைலோ. பலர் எழுதியது அப்படியே டிவி செய்தி மாதிரி இருந்தது. மறியலை நேரில் பார்த்தவர்களோ, அது பெரும்பாலும் அமைதியாகவே நடந்தது என்றார்கள். என்னைக் கேட்டால் குழுவின் மிக அழகான ஆய்வு இதுதான். 2004-இல் இஸ்ரேல்-பாலஸ்தீனச் செய்திகள் பற்றிய நூலில் இரண்டு கேள்விகளும் சேர்ந்து வருகின்றன.

விமர்சனத்தை விட்டுவிடாதீர்கள். 1985-இல் மார்ட்டின் ஹாரிசன் என்ற பேராசிரியர் ஐடிஎன் செய்திப் பிரதிகளை வைத்தே குழுவின் முடிவுகளை மறுத்தார். இதை எழுதாத விடை பாதி விடைதான்.

ஒரு நாள் மாலைச் செய்தியை எடுத்து, யார் பேசினார், எங்கே நின்று பேசினார், எத்தனை நொடி பேசினார் என்று நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துப் பாருங்கள். நான் அதைச் செய்த பிறகு, இப்படி எண்ணி அலசும் முறையான உள்ளடக்கப் பகுப்பாய்வின் வரையறையைத் தனியாக உருப்போட வேண்டியிருக்கவில்லை.